மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி: அலமாரி முதல் பில் வரை

கிலோ 60 என்று ஒரு கிலோ தக்காளி வாங்குகிறோம். அதில் கால் கிலோ அழுகிக் குப்பைக்குப் போனால், சமையலுக்கு வந்தது முக்கால் கிலோதான். 60-ஐ 0.75-ஆல் வகுத்துப் பாருங்கள், 80 வரும். பக்கத்துக் கடையில் கிலோ 70-க்கு நல்ல தக்காளி இருந்ததை விட்டுவிட்டு 60-க்கு வாங்கியது லாபமா நஷ்டமா என்பது இப்போது தெரியும். மளிகைச் செலவில் பார்க்க வேண்டிய விலை இதுதான்: கொடுத்த பணத்தை, வீட்டில் உண்மையிலேயே பயன்பட்ட அளவால் வகுத்தால் வருவது. கடையில் பேரம் பேசுவது, ஆஃபர் பார்ப்பது எல்லாம் இந்தக் கணக்கில் ஒரு பாதி. மறு பாதி வீட்டுக்குள் நடக்கிறது. அதைத்தான் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்க வேண்டாம்

எடுத்தவுடன் செலவைக் குறைக்க ஆரம்பித்தால் தவறான இடத்தில்தான் கை வைப்போம். முதலில் இரண்டு விஷயங்களை எழுத ஆரம்பியுங்கள்.

ஒன்று, எது எத்தனை நாள் வருகிறது என்பது. புதுப் பாக்கெட்டோ பாட்டிலோ பிரிக்கும்போது, அழியாத மையுள்ள மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே தேதியை எழுதுங்கள். டப்பாவில் கொட்டுவதாக இருந்தால் டப்பாவின் அடியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி அதில் எழுதுங்கள். தீர்ந்த அன்று நாட்களை எண்ணினால் போதும். 3-ஆம் தேதி பிரித்த ஒரு லிட்டர் எண்ணெய் 23-ஆம் தேதி தீர்ந்தால், 20 நாளைக்கு ஒரு லிட்டர், மாதத்துக்கு ஒன்றரை லிட்டர். மாதம் 2 லிட்டர் வாங்கிக் கொண்டிருந்தவர் வீட்டில் மாதா மாதம் அரை லிட்டர் கூடுதலாகத் தேங்கும், இல்லையென்றால் தேங்கியிருக்கிறதே என்ற தைரியத்தில் கை தாராளமாக ஊற்றும். இரண்டாவது நடப்பதுதான் அதிகம். எண்ணெய், சர்க்கரை, தேயிலை, சலவைத் தூள், பாத்திரம் கழுவும் திரவம், பற்பசை ஆகிய ஆறுக்கு மட்டும் செய்தால்கூட வீட்டின் ஓட்டம் பிடிபட்டுவிடும்.

இரண்டு, எது ஏன் குப்பைக்குப் போகிறது என்பது. குப்பைக்கூடைக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டி, வீசும் ஒவ்வொரு முறையும் பொருள், சுமார் அளவு, காரணம் மூன்றையும் எழுதுங்கள். இதில் காரணம்தான் முக்கியம். ‘பின்னால் இருந்தது, மறந்துவிட்டது’, ‘அதிகம் வாங்கியது’, ‘அதிகம் சமைத்தது’, ‘வைத்த விதம் தப்பு’ என்று நான்கைந்து காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. மறந்து போவதற்கு ஃப்ரிட்ஜில் இடம் மாற்ற வேண்டும், அதிகம் வாங்குவதற்குப் பட்டியலை மாற்ற வேண்டும், அதிகம் சமைப்பதற்கு அளக்கும் குவளையை மாற்ற வேண்டும். காரணம் தெரியாமல் ‘இனிமேல் வீணாக்கக் கூடாது’ என்று முடிவெடுப்பதால் ஒன்றும் மாறாது.

பட்டியலில் அளவும் இருக்கட்டும்

‘உருளைக்கிழங்கு’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் எவ்வளவு என்பதைக் கடையில் இருக்கும் குவியல் தீர்மானிக்கும். ‘உருளைக்கிழங்கு 1½ கிலோ’ என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் திறந்து பாருங்கள். இந்த வாரத்துக்குள் தீர்க்க வேண்டிய பொருட்களைத் தனியாகக் குறித்து, அவற்றைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்று யோசித்த பிறகு, அதற்குக் குறைகிற பொருட்களைப் பட்டியலில் சேருங்கள். என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால், ஏற்கெனவே இருப்பது அங்கேயே கிடந்து கெடும்.

ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள், ஐந்து நாள் போதும். ஒரு நாள் மிச்சத்தில் ஓடும், இன்னொரு நாள் ஏதாவது காரணத்தால் வீட்டில் சமைக்க முடியாமல் போகும். ஏழு நாளுக்கும் காய்கறி வாங்கியவர் வீட்டில் கடைசி இரண்டு நாள் காய்தான் வாடுகிறது.

கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றிப் பார்ப்பது

கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். விலையைக் கிராமால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிலோ விலை. 450 கிராம் பாக்கெட் 90 என்றால் 90 ÷ 450 × 1000 = 200. பக்கத்தில் இருக்கும் ஒரு கிலோ பாக்கெட் 210 என்றால், பெரிதுதான் விலை கூடுதல். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற எண்ணத்தைக் கடைக்காரர்களும் அறிவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு தடுமாறும் இடங்கள் சில உண்டு. எண்ணெயை ஒருவர் லிட்டரில் விற்பார், இன்னொருவர் கிலோவில் விற்பார். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 முதல் 920 கிராம்தான். ஆகவே ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒரே விலை என்றால் கிலோ வாங்குவதே லாபம், சுமார் 90 மில்லி கூடுதலாக வரும். தேனில் இது தலைகீழ். தேன் கனமானது என்பதால் 500 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். 500 மில்லியையும் 500 கிராமையும் ஒன்றென நினைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஐஸ்கிரீம் மில்லியில் விற்கப்படுவதால் அதில் அடித்துச் சேர்த்த காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஒரே மில்லி அளவுள்ள இரண்டு டப்பாக்களைக் கையில் தூக்கிப் பார்த்தால் கனமானது எது என்று தெரிந்துவிடும். தகர டப்பாவில் நீரோடு வரும் பொருட்களுக்கு நீர் வடித்த எடையைப் பாருங்கள். உறைந்த மீன், இறால் வகைகளில் மேலே பூசிய பனிக்கட்டியும் எடையில் சேர்ந்திருக்கிறதா என்று உறையில் தேடுங்கள்.

தோலோடும் ஓட்டோடும் வாங்குபவற்றுக்கு இன்னொரு படி இருக்கிறது. பச்சைப் பட்டாணிக் காயை உரித்தால் எடையில் பாதிக்கும் குறைவாகவே தேறும். காய் கிலோ 50, உரித்த பட்டாணி கிலோ 110 என்றால் காயே மலிவாகத் தோன்றும். ஒரு கிலோ காயில் 400 கிராம் தேறினால் பட்டாணியின் விலை கிலோ 125 ஆகிவிடுகிறது, உரிக்கும் நேரம் தனி. ஒரே ஒரு முறை உரித்து எடை போட்டுக் குறித்து வைத்தால், பிறகு எப்போதும் கடையில் நின்றபடியே முடிவெடுக்கலாம்.

உறையில் அச்சிட்ட நிகர எடையைப் பழக்கப்பட்ட பொருளிலும் அவ்வப்போது பாருங்கள். விலையை ஏற்றாமல் 500 கிராமை 450 ஆக்கினால் அது 11 சதவீத விலையேற்றம். உறை அதே நீளத்தில் இருக்கும், பாட்டிலின் அடிக்குழி மட்டும் கொஞ்சம் ஆழமாகியிருக்கும்.

ஆஃபர்களையும் இதே கண்ணால் பாருங்கள். ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 25 சதவீதத் தள்ளுபடி, அதுவும் நான்கையும் நீங்கள் பயன்படுத்தினால். ‘இரண்டாவது பாதி விலை’ என்பதும் 25 சதவீதம்தான். ‘25 சதவீதம் கூடுதல்’ என்று எழுதிய பாக்கெட்டில் கிடைப்பது 20 சதவீதத் தள்ளுபடி. ‘20 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம்’ என்றால் 30 அல்ல, 28. ஷாம்பு, சோப்பு போலக் கெடாத, எப்படியும் வாங்கப்போகிற பொருளுக்கு இவை நல்லவை. தயிருக்கும் ரொட்டிக்கும் நாலைந்து நாளில் தீர்க்க முடியுமா என்ற கேள்விதான் முதலில்.

அடிக்கடி வாங்கும் 20 பொருட்களுக்கு ஒரு சின்ன விலைக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: பொருள், கிலோ அல்லது லிட்டர் விலை, கடை, தேதி, அவ்வளவுதான். மூன்று நான்கு மாதத்தில் ஒவ்வொரு பொருளும் எந்த விலை வரை இறங்குகிறது, எவ்வளவு நாளுக்கு ஒரு முறை இறங்குகிறது என்று தெரிந்துவிடும். ‘பாதி விலை’ என்ற சிவப்பு அட்டை உண்மையா என்று சொல்லக்கூடியது அந்தக் குறிப்பு மட்டுமே. விலை இறங்கும் இடைவெளி ஆறு வாரம் என்றால், ஆறு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். அதற்கு மேல் அடுக்கி வைப்பது அலமாரியில் பணத்தைப் பூட்டி வைப்பதுதான்.

மொத்தமாக வாங்குவதில் எது கூடாது

உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் தாங்கும். பொடித்த மசாலா தாங்காது, மாதங்கள் ஓட ஓட வாசனை போய்விடும், பிறகு இரண்டு மடங்கு போட வேண்டியிருக்கும். முழு மிளகு, முழு மல்லி, முழுச் சீரகம் வாங்கி அவ்வப்போது பொடித்துக்கொண்டால் நீண்ட நாள் மணம் நிற்கும். தவிடு நீக்காத தானிய மாவிலும் பருப்புக் கொட்டைகளிலும் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சமையல் எண்ணெய்க்கு வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பகை. ஐந்து லிட்டர் டின் வாங்கினால் ஒரு லிட்டரை மட்டும் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு டின்னை இறுக மூடி இருட்டான இடத்தில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி எதற்கும் உதவாது, எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் அறவே ஆகாது.

பருப்பிலும் மாவிலும் வண்டு வருவது பெரும்பாலும் வீட்டில் தொடங்குவதில்லை. முட்டை பொருளோடேயே வந்துவிடுகிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளிருந்தே பொரியும். ஃப்ரீசரில் இடம் இருந்தால், வாங்கி வந்ததும் ஒன்றிரண்டு கிலோ பொட்டலங்களாகக் கட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள். தடித்த பொட்டலத்தின் நடுப்பகுதி குளிர்வதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கவும் கூடாது. பொட்டலம் அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே மூடி வையுங்கள். குளிர்ந்த பருப்பின் மேல் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வண்டுக்குத் தப்பியது பூஞ்சையில் போவது இப்படித்தான். புதிதாக வந்ததைப் பழையதன் மேல் கொட்டாதீர்கள். பழையதைத் தனியாக எடுத்து, டப்பாவைத் துடைத்துக் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலும் போடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஓர் எளிய வரம்பு: உறையில் உள்ள தேதிக்கு மீதியிருக்கும் காலத்தில் பாதிக்குள் தீர்க்க முடிகிற அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

காய்கறியும் ஃப்ரிட்ஜும்

வீணாவதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும், உங்கள் குப்பைத் தாளே அதைச் சொல்லும்.

கீரைகளையும் கொத்தமல்லி போன்ற தழைகளையும் வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். கட்டை அவிழ்த்து, அழுகிய இலைகளைப் பொறுக்கி எறிந்து, வேர்ப்பக்கத்து மண்ணை உதறி, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். துணி ஈரத்தை உறிஞ்சும், டப்பா வாடாமல் காக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை துணியைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றுங்கள். பாலித்தீன் பையில் கட்டோடு வைத்தால் நடுவில் இருக்கும் தண்டுகள் முதலில் கொழகொழவென்று ஆகும். ஓர் இலையின் அழுகல் பக்கத்து இலைக்குப் பரவுவதற்கு ஈரம்தான் வழி.

வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அதன் பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாகும், வெள்ளரி மென்மையாகிவிடும். பழத்தட்டையும் காய்க்கூடையையும் தள்ளி வைத்தாலே ஓரிரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கும். காயாக வாங்கிய பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்க இதே குணத்தைப் பயன்படுத்தலாம்: ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துத் தாள் பையில் மூடி வையுங்கள்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம். இரண்டுக்கும் காற்றோட்டம் வேண்டும், ஆனால் உருளைக்கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் அழுகும், முளையும் விடும். உருளைக்கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சத்தில் பச்சை நிறமானால் சோலனின் என்ற நச்சுப் பொருளும் கூடியிருக்கும், அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறிய வேண்டும். நிறையப் பச்சையானால் முழுவதையும் வீச வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தாலோ மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். ரொட்டியும் ஃப்ரிட்ஜில் வெளியில் இருப்பதைவிட வேகமாக வறண்டுபோகும். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் துண்டுகளாக ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

ஃப்ரிட்ஜ் உள்ளே 4 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குமிழில் இருக்கும் எண் வெப்பநிலையைச் சொல்வதில்லை. நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 7, 8 டிகிரி காட்டினால் பால் ஏன் சீக்கிரம் திரிகிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கதவின் உட்புறம் ஃப்ரிட்ஜிலேயே சூடான இடம். பால் அங்கே வேண்டாம், உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கதவில் ஊறுகாயும் சாஸும் இருக்கட்டும். கண்மட்டத்தில் இருக்கும் தட்டை ‘முதலில் இது’ என்று ஒதுக்கி, பாதி வெட்டிய காய், மிச்சக் குழம்பு, நாள் நெருங்கியவை எல்லாவற்றையும் அங்கே மட்டும் வைத்தால் மறந்துபோவது பெருமளவு நின்றுவிடும்.

சமைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். சோற்றில் இது இன்னும் கண்டிப்பு. வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் உண்டு. வெளியில் கிடந்த சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சிக்கனம் பார்த்து அதைச் சாப்பிடக் கூடாது.

உறையில் இருக்கும் தேதிகளும் இரு வகை. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்றால் தரத்தைப் பற்றிய பேச்சு. உலர்ந்த பொருட்கள் அதைத் தாண்டியும், நிறமும் மணமும் சரியாக இருந்தால் பயன்படும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’, ‘காலாவதி’ என்றிருந்தால் பாதுகாப்பு, அங்கே முகர்ந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிரித்துவிட்ட பொருளுக்கு இரண்டு தேதியும் செல்லாது, ‘திறந்த பின் இத்தனை நாள்’ என்று சின்ன எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள்.

துவைக்க, துலக்க

சலவைத் தூளைக் கிலோ விலையில் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு சலவைக்கு எவ்வளவு என்று பாருங்கள்: உறையில் சொன்ன அளவு 60 கிராம் என்றால் ஒரு கிலோவில் 16 சலவை, 40 கிராம் என்றால் 25. இரண்டாவது விலை கூடுதலாக இருந்தாலும் மலிவாக முடியலாம். கூடவே வரும் கரண்டியை நிரம்ப அள்ளுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. உள்ளே இருக்கும் கோட்டைத் தேடி, அதன் மேல் அழியாத மையால் வட்டம் போடுங்கள். கூடுதல் தூள் அழுக்கைக் கூடுதலாக எடுக்காது. துணியிலேயே தங்கும், அலச இன்னொரு முறை தண்ணீர் பிடிக்கும், முன்புறக் கதவுள்ள இயந்திரத்தில் நுரை மெத்தை போல் துணியைத் தாங்கிக்கொண்டு அடிபட விடாது. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் மட்டும் உறையில் அதற்கென்று சொன்ன அளவுக்குக் கூட்டலாம்.

பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகப் பஞ்சில் பிழியாமல், ஒரு கிண்ணம் தண்ணீரில் சில சொட்டு கலந்து தொட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். நிறையக் கலந்து வைத்தால் கெடாமல் காக்கும் மருந்தும் நீர்த்துப்போய்க் கிருமி வளரும். ப்ளீச் திரவம் வைத்திருக்க வைத்திருக்க வீரியம் குறையும், பெரிய கேன் வேண்டாம். அதைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா கலந்த எதனோடுமோ சேர்த்து ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும். டிஷ்யூ ரோலுக்கு எத்தனை ரோல் என்பதை விட்டுவிட்டு மொத்தம் எத்தனை தாள் என்று பாருங்கள். சோப்புக்கட்டி நீர் வடியும் தட்டில் இருந்தால் போதும், கரைந்து போவது பாதியாகக் குறையாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

வீட்டுக்கு வரும் பார்சலும் பில்லும்

ஆன்லைனில் ‘இன்னும் 90-க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்று வரும். டெலிவரிக் கட்டணம் 40 என்றால், தேவையில்லாத 90-ஐச் சேர்ப்பது 50 நஷ்டம். அடுத்த வாரம் எப்படியும் வாங்கவேண்டிய, கெடாத பொருள் பட்டியலில் இருந்தால் மட்டும் சேருங்கள். அப்படி ஏழெட்டுப் பொருட்களை முன்னதாகவே எழுதி வைத்திருந்தால் அந்த நேரத்தில் தேட வேண்டாம். மாதா மாதம் தானாக வரும் ஆர்டரில் போட்டது ஏதாவது இருந்தால், முன்பு எழுதிய ‘எத்தனை நாள் வருகிறது’ கணக்கோடு ஒப்பிட்டு இடைவெளியை மாற்றுங்கள். 30 நாளுக்கு ஒன்று வந்து, 45 நாளில் தீர்ந்தால் ஒரு வருடத்தில் நான்கு பாக்கெட் மிச்சம் விழும்.

கடையில் பில்லை வாங்கிப் பையில் போடுவதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஒரே பொருள் இரண்டு முறை ஏறியிருக்கிறதா, ஆஃபர் கழிந்திருக்கிறதா, எடைபோட்ட காய்களுக்குச் சரியான பெயரும் எடையும் விழுந்திருக்கிறதா, தட்டில் எழுதியிருந்த விலையும் பில்லில் உள்ள விலையும் ஒன்றா. சில்லறையாக எடை போடும்போது பாத்திரமோ பையோ வைப்பதற்கு முன் தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்றும், கொண்டு போன டப்பாவின் எடையைக் கழித்துக்கொண்டார்களா என்றும் கவனியுங்கள். தவறு இருந்தால் அந்தக் கவுன்டரிலேயே, பொருளும் பில்லும் கையில் இருக்கும்போதே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பிரித்துவிட்டால் பேச இடமிருக்காது.